பழைய ஆட்டோமேட்டிக் காருக்குப் பாதிப் பாதியாக ஆயில் மாற்றுவது

என்னிடம் இருப்பது 2009 மாடல் சின்ன கார். நான்கு கியர் ஆட்டோமேட்டிக். மடிப்பாக்கத்தில் வீடு, சிறுசேரியில் வேலை என்பதால் அந்த வண்டியின் ஆயுளில் பாதி ஓஎம்ஆர் சிக்னல்களில் நின்றே கழிந்தது. அதற்கு முதன்முதலாகக் கியர்பாக்ஸ் ஆயில் மாறியது நான் கேட்டு அல்ல, ஒரு கடையில் நடந்த கைப்பிழையால். எஞ்சின் ஆயில் மாற்றச் சொல்லி விட்டிருந்தேன். அடியில் படுத்தவர் எஞ்சின் போல்ட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றிவிட்டார். கறுப்பாக ஒழுகியது. பழைய எஞ்சின் ஆயிலும் கறுப்புதானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேலே எஞ்சினில் மூன்று லிட்டர் புது ஆயிலை ஊற்றி, பில் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு தெரு தாண்டியதும் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. எஞ்சினில் இரண்டு மடங்கு ஆயில், கியர்பாக்ஸில் பாதி ஆயில் என்பது பிறகுதான் தெரிந்தது. உடனே அணைத்துவிட்டதால் பிழைத்தது.

அப்புறம் ஆளுக்கொரு யோசனை. எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன், "பழைய கியர்பாக்ஸ்ல ஆயிலைத் தொடவே கூடாது சார், தொட்டா அத்தோட போச்சு" என்றார். வேளச்சேரியில் இன்னொருவர், "மெஷின் போட்டு மொத்தத்தையும் ஃப்ளஷ் பண்ணிடலாம், புது வண்டி மாதிரி ஆயிடும்" என்றார். இருவருக்கும் இருபது வருட அனுபவம். இருவர் சொன்னதிலும் பாதி சரி என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அந்தப் பாதி எது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஆயிலா, உதிரிபாகமா

சாதாரண கியர் வண்டியில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைப்பது கிளட்ச் பிளேட். உலர்ந்த தட்டு, நம் கால்தான் அதை அழுத்துகிறது, விடுகிறது. கியர்பாக்ஸில் இருக்கும் ஆயிலுக்குப் பற்சக்கரங்கள் தேயாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை.

ஆட்டோமேட்டிக்கில் கதையே வேறு. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்று பூசணிக்காய் அளவில் ஒரு பாகம் இருக்கிறது. அதன் உள்ளே முழுக்க ஆயில். மோர்ப்பானையில் மத்தைச் சுற்றினால் மோரும் சேர்ந்து சுற்றுகிறது, மேலே மிதக்கும் கறிவேப்பிலையும் சுற்றுகிறது அல்லவா? மத்து கறிவேப்பிலையைத் தொடவே இல்லை, மோர்தான் சுற்றுகிறது. மத்தின் இடத்தில் எஞ்சின், கறிவேப்பிலையின் இடத்தில் உங்கள் சக்கரங்கள். சிக்னலில் 'டி'யில், அதாவது முன்னோக்கி ஓடும் கியரில், வைத்துப் பிரேக்கை மிதித்து நின்றாலும் எஞ்சின் அணையாமல் ஓடுவது இதனால்தான். மோர் சுற்றிக்கொண்டே இருக்கும், கறிவேப்பிலையை மட்டும் நாம் பிடித்து நிறுத்தியிருக்கிறோம்.

அதோடு முடியவில்லை. உள்ளே கியர் மாறுவதற்குக் கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, எல்லாம் ஆயிலில் ஊறியபடி. அவற்றை அழுத்துவது காலும் இல்லை, கையும் இல்லை, ஆயிலின் அழுத்தம்தான். ஒரு பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது; வால்வ் பாடி என்ற அலுமினியப் பலகையில் எறும்புப் புற்றைப் போல ஓடும் குறுகிய வழிகளில் அது நுழைந்து, எந்தக் கிளட்சை எப்போது பிடிக்க வேண்டுமோ அதைப் பிடிக்கிறது. அதே ஆயில்தான் உராய்வைக் குறைக்கிறது, சூட்டை உறிஞ்சி வெளியே கொண்டுபோகிறது, தேய்ந்த தூளையும் சுமக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் 'ஹைட்ராமாட்டிக்' என்ற பெயரில் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியபோதும் இந்த வேலைகளை எண்ணெய்தான் பார்த்தது.

ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட், வெறும் மசகு எண்ணெய் இல்லை. வண்டியை இழுப்பதே அதுதான். அதை ஓர் உதிரிபாகமாக நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். தேயும், கெடும், மாற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்று விற்பதெல்லாம் ஒரே சாதி இல்லை. 2014இல் மாருதி செலெரியோவோடு வந்து பரவிய ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை இயக்குகிறது. அதில் ஊற்றுவது கியர் ஆயில், ஏடிஎஃப் அல்ல. சிவிடி வண்டிகளில் உருக்குப் பட்டை ஒன்று இரண்டு கப்பிகளைப் பிடித்து ஓடுகிறது. அதற்குத் தனி ஆயில், சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பட்டை வழுக்கிக் கெட்டுப்போகும். இரட்டைக் கிளட்ச் வண்டிகளுக்கு இன்னொரு வகை. உங்கள் வண்டி எது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். இனி நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய வகைக்கு மட்டும்.

சென்னை வெயிலும் ஆயிலின் ஆயுளும்

இந்த ஆயிலுக்கு முதல் எதிரி சூடு. இயல்பாக ஓடும்போது அது ஏறத்தாழ 80, 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையில் சொல்லும் தோராயக் கணக்கு. சூட்டில் ஆயில் காற்றோடு சேர்ந்து கெடுகிறது, கெட்டித்தன்மை இழக்கிறது, இன்னும் சூடானால் வார்னிஷ் பூசியதுபோல் வால்வுகளில் படிகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது? அதே மோர்ப்பானைதான். கறிவேப்பிலையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு மத்தைச் சுற்றினால் அந்த உழைப்பெல்லாம் சூடாகத்தான் மாற வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது டார்க் கன்வெர்ட்டர் உள்ளே பூட்டிக்கொள்ளும். எஞ்சினும் கியர்பாக்ஸும் நேரடியாக இணைந்துவிடும், சூடு குறைவு. மத்திய கைலாஷ் சிக்னலில் நான்கு மீட்டர் நகர்ந்து நாற்பது விநாடி நிற்கும்போது பூட்டு விழவே விழாது. மே மாதக் கத்திரி வெயில், முழு ஏசி, ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சர் கக்கும் அனல், காற்றோட்டமும் இல்லை. ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பெரும்பாலான வண்டிகளில் அந்த ரேடியேட்டருக்கு உள்ளேதான் போகிறது. அதுவே வெந்துகொண்டிருந்தால் ஆயில் எங்கே போய்க் குளிரும்?

மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கத்திப்பாராவில் இது சகஜம். கியர்பாக்ஸை வேக வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் இந்த ஆயிலை மாற்றவே வேண்டாம், வண்டியின் ஆயுள் முழுக்க வரும் என்று இருக்கும். அதே கையேட்டின் இன்னொரு பக்கத்தில், சிறிய எழுத்தில், கடுமையான பயன்பாடு என்றால் மாற்றுங்கள் என்று ஒரு வரி இருந்தாலும் இருக்கும். நின்று நின்று ஓடும் நகரப் பயணம், கடும் வெயில் ஆகியவை அந்தக் கடுமையான பயன்பாட்டுப் பட்டியலில் வரும். சென்னையில் ஓடும் எந்த வண்டிக்கு இது பொருந்தாது? 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நம் ஊருக்குத் தகும். 'ஆயுள் முழுக்க' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. வாரண்டி முடிவதுதான் ஆயுள் என்று கணக்கு வைத்தால், வருவது உண்மைதான்.

வெள்ளைத் தாளில் ஒரு துளி

புது ஏடிஎஃப் பெரும்பாலும் நல்ல சிவப்பு. அது எண்ணெயின் இயற்கை நிறம் அல்ல. ஒழுகினால் எது எஞ்சின் ஆயில், எது இது என்று கண்டுபிடிக்கச் சேர்த்த சாயம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் இருக்கும் வண்டியாக இருந்தால் அதை உருவி, வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு துளி வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ பரவினால் கவலை இல்லை. டிகாஷன் நிறத்தில் இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. துளி பரவாமல் நடுவில் கறுப்பாகத் தங்கி, தீய்ந்த வாடையும் அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் வெந்திருக்கின்றன. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சில ஆயில்கள் சீக்கிரமே கறுக்கும். மூக்கு பொய் சொல்வது குறைவு.

மயிலாப்பூர் ரோஸ்மில்க் போல இளஞ்சிவப்பாக, பால் கலந்ததுபோல் இருந்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குழாய் ஓட்டையாகி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் புகுந்திருக்கும். கிளட்ச் தட்டில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையை அது கரைத்துவிடும். அல்லது வெள்ளம்.

வெள்ளத்தைப் பற்றிச் சென்னைக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருவில் கார்கள் பாதி மூழ்கி நின்றன. கியர்பாக்ஸ் மூச்சுவிட அதன் மேல்பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. அது மூழ்கினால் தண்ணீர் உள்ளே போகும். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிற்றா என்று எல்லாரும் பார்க்கிறார்கள், கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பவர் குறைவு. மூழ்கிய ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் அணைந்திருக்க, இயங்கு சக்கரங்கள் தரையில் உருண்டால் ஆயில் இல்லாமல் உள்ளே எல்லாம் தேயும். முழு வண்டியையும் மேலே ஏற்றும் லாரிதான் வழி. கடைக்காரர் தப்பான போல்ட்டைக் கழற்றிய அன்றைக்கு என் வண்டியும் அப்படித்தான் பல்லக்கில் போனது.

தொடாதே, மொத்தமாக மாற்று

சரி, அந்த இரண்டு மெக்கானிக்குகளுக்கு வருவோம்.

'தொட்டால் போச்சு' என்பது கட்டுக்கதை இல்லை. அண்ணன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் மக்கள் எப்போது இந்த ஆயிலை மாற்ற வருகிறார்கள்? வண்டி வழுக்கத் தொடங்கிய பிறகு. 'டி' போட்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது, கியர் மாறும்போது ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், மட்டும் ஏறுகிறது, இழுவை இல்லை என்ற நிலையில் வருவார்கள். அந்தக் கியர்பாக்ஸ் ஏற்கெனவே போய்விட்டது. ஆயில் மாற்றிய ஒரு வாரத்தில் படுத்துவிட்டால் பழி ஆயிலுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கடைசி நேரத்தில் கொண்டுபோய், ஊசி போட்டதால்தான் போய்விட்டார் என்று சொல்வது போன்றது.

இன்னொரு காரணமும் உண்டு, அது நிஜமான காரணம். புது ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் பொருள்கள் இருக்கின்றன. பதினைந்து வருடமாக ஓரங்களில் படிந்திருந்த கசடு ஒரே நாளில் பெயர்ந்து கிளம்பினால், அந்த எறும்புப் புற்று வழிகளில் எங்காவது போய் அடைக்கும். ஒரு வால்வு சிக்கினால் ஒரு கியர் போயிற்று. பழைய ஆயிலில் கலந்திருக்கும் தேய்மானத் தூள்தான் தட்டுக்குப் பிடிப்புக் கொடுக்கிறது, அதை எடுத்தால் வழுக்கும் என்றும் சொல்வார்கள். தூளை நம்பிப் பிடிக்கிற கிளட்சுக்கு எப்படியும் ஆயுள் சில மாதம்தான் என்பேன்.

இன்னொருவர் சொன்ன மெஷின் ஃப்ளஷ்ஷுக்கு நியாயம் இருக்கிறது. அடி போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் வால்வ் பாடியிலும் தங்கியது அங்கேயே இருக்கும். பாதியோ அதற்குக் குறைவாகவோதான் வெளியே வரும். மெஷின் அந்த மிச்சத்தையும் தள்ளி வெளியேற்றுகிறது. ஒழுங்காக 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவந்த வண்டிக்கு அது நல்லதே. ஒருநாளும் மாற்றாத பழைய வண்டிக்கு அது கசடைக் கிளப்பும் வேலை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. உப்பு அதிகமாகிவிட்ட சாம்பாரில் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு உப்பில்லாத சாம்பாரை ஊற்றினால் உப்பு பாதியாகும். இன்னொரு தடவை செய்தால் கால். இன்னொரு தடவை, அரைக்கால். கியர்பாக்ஸில் மொத்தம் 6 லிட்டர், வெளியே வருவது 3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை மாற்றியதும் உள்ளே 50 சதவீதம் புது ஆயில். இரண்டாம் முறை 75. மூன்றாம் முறை 87.5. நான்காவது முறையில் 93.75 வரும், ஆனால் அந்த 6 சதவீதத்துக்காக இன்னும் 3 லிட்டர் வாங்குவது வீண். மூன்றோடு நிறுத்தலாம். ஒவ்வொரு முறைக்கும் நடுவே 500, 1000 கிலோமீட்டர் ஓடட்டும். கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும், கியர்பாக்ஸுக்கும் அதிர்ச்சி இல்லை. வீட்டில் செய்யக்கூடியதும் இதுதான்.

ஆயில் மாற்றினால் சரியாகக்கூடியவை சில உண்டு. 50, 60 கிலோமீட்டர் வேகத்தில், வரிசையாகப் போட்ட சின்ன வேகத்தடைகள்மேல் ஓடுவதுபோல் வரும் நடுக்கம் பல நேரம் குறையும். டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு சரியாகப் பிடிக்காமல் வரும் நடுக்கம் அது. லேசான ஜெர்க்கும் குறையலாம். தீய்ந்த வாடையோடு வழுக்கும் வண்டிக்கும் ரிவர்ஸே விழாத வண்டிக்கும் ஆயில் மருந்தாகாது. அந்தப் பணத்தைக் கியர்பாக்ஸ் வேலைக்குச் சேர்த்து வையுங்கள்.

ஜிபி ரோட்டில் என்ன கேட்பது

ஆயில் வாங்கும்போது பிராண்டைவிட முக்கியம் ரகம். கிளட்ச் தட்டு ஆயிலில் ஊறிக்கொண்டே பிடிக்கவும் வேண்டும், நழுவவும் வேண்டும். ரொம்ப வழுவழுப்பாக இருந்தால் வழுக்கும், குறைந்தால் வெடுக்கென்று பிடித்து ஜெர்க் அடிக்கும். அந்த நடுநிலையைத் தீர்மானிப்பது ஆயிலில் சேர்க்கும் உராய்வு மாற்றிகள். ஒரு காலத்தில் அதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடைசெய்த பிறகுதான் செயற்கை மாற்றுகளைத் தேடி ஓடினார்கள்.

ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் தட்டுக்கு ஏற்ற கலவையை வைத்திருக்கிறார். ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் வரிசை, ஹூண்டாயின் எஸ்பி-3, எஸ்பி-4, டொயோட்டாவின் டி-4, டபிள்யூஎஸ், ஹோண்டாவின் பழைய இசட்-1, அதற்குப் பதிலாக வந்த டிடபிள்யூ-1 என்று பட்டியல் நீளும். ஒரே கம்பெனியின் இரண்டு ரகங்களும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைக்காதீர்கள். டபிள்யூஎஸ் மெல்லியது, டி-4 அதைவிடக் கெட்டி. கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கின் தலையிலேயே பொறித்திருக்கும்.

சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டில் போய் 'கியர் ஆயில் கொடுங்க' என்று மொட்டையாகக் கேட்டால் சாதாரண கியர் வண்டிக்கான கெட்டி ஆயிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. 'ஆட்டோமேட்டிக் ஆயில், இந்த ரகம்' என்று கேளுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் ஆயிலாக இருந்தால், பின்பக்கப் பட்டியலில் உங்கள் ரகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சீல் உடையாத கேன் மட்டும் வாங்குங்கள். லூஸில் ஊற்றிக் கொடுப்பது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கூடவே ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ஒரு புது வாஷர். பத்து இருபது ரூபாய் சமாசாரம். அதை மிச்சம் பிடித்துவிட்டுப் பிறகு வாசலில் சிவப்புக் கோலம் பார்த்தவர்கள் உண்டு.

மாற்றும் நாள்

முதலில் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்குங்கள், அப்போதுதான் கசடோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய பிறகு ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது தற்கொலை. ஸ்டாண்ட் இல்லை என்றால் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, அது கியர்பாக்ஸ் போல்ட்தானா? இந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். இரண்டு, ஊற்றும் வழி திறக்கிறதா? டிப்ஸ்டிக் குழாய் இருந்தால் பிரச்சினை இல்லை. அது இல்லாமல் ஊற்றுவதற்குத் தனி போல்ட் உள்ள வண்டியில், அந்த போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழ் போல்ட்டைத் தொட வேண்டும். மொத்தமும் வடித்த பிறகு மேல் போல்ட் துரு பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

வடிந்த ஆயிலை அளவுக்கோடு போட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றினால் போதும், பழைய அளவு சரியாக இருந்திருந்தால். போல்ட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசைபோல் ஒட்டியிருக்கும். பயப்படாதீர்கள், அது இயல்பான தேய்மானம். பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் போகும். விரலில் குத்தும்படி உலோகத் துண்டுகள் இருந்தால்தான் ஏதோ உடைந்திருக்கிறது. சில வண்டிகளில் அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே ஃபில்டர் இருக்கும், மூன்றில் ஒரு முறையாவது அதை மாற்றுவது நல்லது. சிலவற்றில் கியர்பாக்ஸையே பிரித்தால்தான் எட்டும், அதை விட்டுவிடலாம். மெக்கானிக்குகள் அந்த அடித்தட்டைச் சேம்பர் என்பார்கள். அதன் சின்ன போல்ட்களை வீரத்தைக் காட்டி முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

ஊற்றுவதற்கு நீளமான புனல் வேண்டும். சமையலறைப் புனலை எடுத்தால் திரும்ப வைக்காதீர்கள்.

இனிதான் முக்கியமான இடம், அளவு பார்ப்பது. எஞ்சின் ஆயிலைப் பார்ப்பதுபோல் இதைப் பார்க்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடாக இருக்க, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை 'பி'யிலிருந்து 'ஆர்', 'என்', 'டி' என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, திரும்பப் 'பி'க்குக் கொண்டுவந்த பிறகு பார்க்க வேண்டும். அப்போதுதான் வழிகளெல்லாம் நிரம்பி உண்மையான அளவு தெரியும். ஹோண்டாவின் பல வண்டிகளில் நேர்மாறு: சூடானதும் எஞ்சினை அணைத்து, ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். டிப்ஸ்டிக்கில் சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு இருக்கும், எதைப் பார்க்கிறோம் என்று கவனியுங்கள்.

குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் என்ன, கொஞ்சம் அதிகம் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், டபராவில் ஆற்றிய காபிபோல. நுரைக்குள் இருப்பது காற்று, காற்றை அழுத்தினால் சுருங்கும், கிளட்ச் முழுப் பிடியில் பிடிக்காது. குறைந்தாலும் கூடினாலும் விளைவு ஒன்றே, வழுக்கல். தொட்டால் போச்சு என்று சொல்லப்படும் வண்டிகளில் கணிசமானவை தப்பான ரகத்தாலும் தப்பான அளவாலும் போனவை என்பது என் ஊகம்.

டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டும்போது பக்கவாட்டு போல்ட்டைத் திறந்து, வழிவதை வைத்து அளவு பார்க்க வேண்டும். வெப்பநிலையைக் காட்ட ஸ்கேனர் வேண்டும். அதை வீட்டில் முயலாதீர்கள்.

வடித்த ஆயிலைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றக் கூடாது. அது நேராகப் பக்கிங்காம் கால்வாய்க்கோ பள்ளிக்கரணைச் சதுப்புக்கோதான் போகும். பயன்படுத்திய எண்ணெய் சட்டப்படியே அபாயகரமான கழிவு. மெக்கானிக் கடைகளில் அதற்கென்று பீப்பாய் வைத்திருப்பார்கள், கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

நான் உடனே கொண்டுபோகவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வடித்ததில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, புது ஆயிலில் மிஞ்சியதையும் சேர்த்து, மூன்று தண்ணீர் பாட்டில்களில் தனித்தனியாக ஊற்றி ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்தேன். டிகாஷன், நன்னாரி சர்பத், நல்ல சிவப்பு. சாம்பார்க் கணக்கு கண்ணெதிரே நிற்பதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் அம்மா மூன்றாவது பாட்டிலைக் கையில் எடுத்து, "ரோஸ்மில்க் எசென்ஸா? ஏன்டா வெயில்ல வச்சிருக்கே?" என்று மூடியைத் திருகினார். பிடுங்கிக்கொண்டு அப்போதே கிளம்பி, பழையது இரண்டையும் அண்ணன் கடைப் பீப்பாயில் ஊற்றிவிட்டு, புதியதைக் கேனிலேயே திரும்ப ஊற்றி மேல் பரணில் வைத்தேன்.